ஓராண்டுப் பல்

ஜனவரிக் கடைசித் திங்கள்.
"வருந்துகிறோம்" என்று தொடங்கிய கடிதத்தை
சாகினா நகரத்துப் பெட்ரோல் பங்கில்
கையுறையைப் பல்லால் கழற்றிப் படித்தேன்.
மைனஸ் பதினேழு.
வருத்தப்பட வேண்டியவள் நான்,
இவர்கள் ஏன் முந்திக்கொள்கிறார்கள்
என்று மட்டும் தோன்றியது.
டாங்க் நிரம்பி, குழாய் டக்கென்று நின்றது.

அன்று பிற்பகல் பதினொரு பிள்ளைகளுக்கு
ஃப்ளோரைடு பூசினேன்.
பதினோராவது பிள்ளையின் தகப்பன்,
உப்பு லாரி ஓட்டும் டெல்பர்ட் கூலி,
தன் வாயைத் தானே திறந்து காட்டினார்:
"இங்க ஒண்ணு லேசா ஆடுது."

எக்ஸ்ரேயில், கீழ்த்தாடையில், இடப்பக்கம்
ஒரு பால்பல்.
நாற்பத்துமூன்று வயதில்.
அதன் அடியில் எலும்பு மட்டும்.
வர வேண்டியது வரவே இல்லை.
போகச் சொல்லி யாரும் முட்டாததால்
இது போகவும் இல்லை.
அதை வைத்தே இறைச்சி மென்றிருக்கிறார்,
சோளக்கதிர் கடித்திருக்கிறார்,
ஒரு விவாகரத்தை நறநறத்திருக்கிறார்.
"புடுங்கிடலாமா?"
"அதுவா கேட்கிற வரைக்கும் வேண்டாம்."

ராத்திரி எழுத உட்கார்ந்தேன்.
வாய், தாடை அறுவைப் பிரிவுகளில்
வகைப்படாத பயிற்சி இடம் என்று ஒன்று உண்டு.
ஒரே ஒரு வருஷம்.
மேலே ஏணி இருப்பதாக யாரும் சொல்வதில்லை.
கீழே தரை இருப்பதாகவும்.
பட்டியல் கிடையாது, பொது வாசல் கிடையாது,
ஒவ்வொரு கதவையும் தனித்தனியே தட்ட வேண்டும்.
வகைப்படாத இடத்துக்கு
வகைதொகை இல்லாமல் எழுதினேன்.
பதினாறு ஊர்கள்.
ஃப்ரெஸ்னோவைப் புகழ்ந்த கடிதம்
நூவர்க்குக்குப் போய்விட்டது. போகட்டும்.

அக்கா ரூதான் சமையலறையிலிருந்து கேட்டாள்:
"நீ ஏற்கெனவே டாக்டர்தானே?"
ஆமாம்.
மூன்று லட்சத்து எண்பதாயிரம் டாலர் கடனுள்ள டாக்டர்.
ஆனால் நான்காம் ஆண்டில் ஓர் இரவு
உடைந்த தாடையின் இரு முனைகளை
மூத்தவர் ஒருவர் இழுத்துப் பிடிக்க,
என் விரலுக்குக் கீழே
மேல்பல்லும் கீழ்ப்பல்லும்
க்ளக் என்று தங்கள் பழைய இடத்தில் அமர்ந்தன.
அந்தச் சத்தத்தை அக்காவுக்கு எப்படிச் சொல்வது?
"ஆமாம்" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி பத்தொன்பது. ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து போன்.
அலுவலக நிர்வாகி, வெர்லீன் திபோடோ.
ஷிமான்ஸ்கி என்ற என் பெயரை
மூன்று விதமாய்ச் சொல்லிப் பார்த்தாள்,
நான்காவதற்கு நான் சம்மதித்துவிட்டேன்.
"நவம்பர்ல ஒருத்தர் போயிட்டார்."
"எங்கே?"
"தூங்க."
இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.
"மூணு ராத்திரிக்கு ஒரு ராத்திரி முழிக்கணும்.
ஜூலை ஒண்ணுலேருந்து ஜூன் முப்பது.
அதுக்கப்புறம் ஒரு வாக்கும் கிடையாது, கண்ணு,
இதை நான் சொல்லியே ஆகணும்."

"இதுக்கு முன்னால வந்தவங்க?"
"ரெண்டு பேர். ஒருத்தரை நாங்களே வச்சுக்கிட்டோம்."
"இன்னொருத்தர்?"
காகிதம் புரளும் சத்தம்.
"கிறிஸ்துமஸுக்குக் கார்டு அனுப்புவார். நல்ல கையெழுத்து."

பால்பல்லின் வேலை, பாடப்புத்தகத்தின்படி,
மெல்வது,
பின்னால் வருவதற்கு இடம் பிடித்து வைப்பது,
வேர் கரைந்து விழுவது.
பரீட்சைக்காக அந்த வரியை மனப்பாடம் செய்தேன்,
யாரைப் பற்றியது என்று கேட்காமல்.

நேர்காணல் செவ்வாய்க்கிழமை.
டெட்ராய்ட்டில் விமானம் ஏற வேண்டும்,
அட்லாண்டாவில் மாற வேண்டும்,
கறுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை.
கிடைக்குமா என்று தெரியாது.
கிடைத்தால் என்ன ஆகும் என்றும்.

வெள்ளி மாலை, கிளினிக்கின் விளக்குகளை அணைக்கும் முன்
டெல்பர்ட் கூலியின் கோப்பைத் திறந்தேன்.
அடுத்த வருகை, ஆகஸ்ட்.
அப்போது இந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கப்போகும்
யாரோ ஒருவருக்காகத் தட்டச்சு செய்தேன்:
கீழ்த்தாடை, இடம், இரண்டாம் பால் கடைவாய்ப்பல்.
லேசாக ஆடுகிறது. வலி இல்லை.
தொட வேண்டாம்.